பென் டிரைவில் இடம் இருந்தும் வீடியோ ஏறாதது ஏன்? கோப்பு முறைமையை விளங்கிக்கொள்ள ஒரு தொடக்கம்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அக்கா, கலியாண வீட்டு வீடியோவைக் கனடாவுக்குப் போகிற உறவினரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று புதிதாக 32 ஜீபி பென் டிரைவ் ஒன்று வாங்கி வந்திருந்தார். வீடியோ ஒரே கோப்பு, 6 ஜீபிக்குச் சற்று மேல். பென் டிரைவ் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கோப்பு பெரிது, ஏற்ற முடியாது என்று கணினி மறுத்துவிட்டது. வாங்கிய இடத்தில் கேட்டபோது “பென் பழுதாயிருக்கும்” என்று சொல்லி இன்னொன்றை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் அதே பதில். மூன்றாம் நாள் அவர் என்னிடம் கொண்டுவந்தபோது ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது, ஏனென்றால் இரண்டு பென் டிரைவிலும் எந்தப் பழுதும் இருக்கவில்லை. அவற்றின் கோப்பு முறைமை மட்டும் அந்த வீடியோவுக்கு ஒத்துவரவில்லை.

கோப்பு முறைமை என்ற பெயரைப் பலரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டவர்களும் அது ஏதோ எஞ்சினியர்மாரின் விஷயம் என்று விட்டிருப்பார்கள். ஆனால் ‘டிலீட் பண்ணினா போச்சு’, ‘ஃபோர்மட் அடிச்சா எல்லாம் சுத்தம்’, ‘டி டிரைவில போட்டா பாதுகாப்பு’ என்று நாம் அன்றாடம் கதைப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். மூன்றுமே பாதி பிழை, அந்தப் பாதிப் பிழையால் போட்டோக்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இடப்பெயர்வுகளில் ஆல்பங்களைத் தொலைத்துவிட்டு, எஞ்சிய நாலைந்து படங்களை ஸ்கான் செய்து கணினியில் வைத்திருக்கும் குடும்பங்கள் எங்களிடையே எத்தனை இருக்கின்றன! அதனால்தான் இதை ஆற அமர விளக்கவேண்டும் என்று தோன்றியது.

தோட்டமும் பாத்தியும் கொப்பியும்

உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் போனால் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நட்டிருப்பதைப் பார்க்கலாம். காணி முழுவதையும் ஒரே அளவான பாத்திகளாகக் கட்டியிருப்பார்கள், தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து பாத்தி பாத்தியாகப் பாயும். உங்கள் கணினியின் ஹாட் டிஸ்க்கோ பென் டிரைவோ மெமரி கார்டோ, அதை இப்படி ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தோட்டக்காரரிடம் ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறது. எந்தப் பாத்தியில் என்ன நட்டிருக்கிறது, எது வெறுமையாகக் கிடக்கிறது, எப்போது நட்டது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். (இந்தக் கட்டுரையில் கொப்பி என்றால் எழுதுகிற கொப்பிதான். கோப்பை இன்னொரு இடத்தில் எடுத்து வைப்பதைப் பிரதி என்று சொல்கிறேன், இரண்டும் குழம்பக்கூடாது.) தோட்டத்தை எப்படிப் பாத்தி கட்டுவது, கொப்பியில் எதை எந்த ஒழுங்கில் எழுதுவது என்ற முழு ஏற்பாட்டுக்கும் பெயர்தான் கோப்பு முறைமை, அதாவது ஃபைல் சிஸ்டம்.

பாத்திக்குக் கணினியில் கிளஸ்டர் என்று பெயர். ஒரு கிளஸ்டர்தான் ஒரு கோப்புக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறிய இடம். ஒரு பாத்தியில் இரண்டு பேருடைய பயிர் கலக்காது. விண்டோஸ் கணினியின் ஹாட் டிஸ்க்கில் கிளஸ்டர் பெரும்பாலும் 4 கேபி, அதாவது 4096 பைட். பைட் என்பது ஒரு ஆங்கில எழுத்தைச் சேமிக்கத் தேவையான அளவு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். 5000 பைட் உள்ள சிறிய கடிதம் ஒன்றைச் சேமித்தால் ஒரு பாத்தி நிரம்பி இரண்டாவது பாத்தியில் கொஞ்சம் போகும், மிச்சம் சும்மா கிடக்கும். கடிதம் 5000 பைட், அது பிடித்த இடம் 8192 பைட். விண்டோஸில் ஒரு கோப்பின் மேல் வலது பக்கச் சொடுக்குப் போட்டு ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ பார்த்தால் அளவு என்று ஒன்றும், டிஸ்க்கில் பிடிக்கும் அளவு என்று இன்னொன்றும் காட்டுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

கணினியில் சிறியதாக இருந்த கோப்புறை பென் டிரைவுக்குப் போனதும் ஊதிப்போகிறதே, அதற்கும் காரணம் இதே. 64 ஜீபி பென் டிரைவில் ஒரு கிளஸ்டர் பெரும்பாலும் 128 கேபி. அதில் 2 கேபி அளவுள்ள சின்னக் கோப்புகள் பத்தாயிரத்தைப் போட்டால் உண்மையான அளவு 20 எம்பிதான் வரும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பெரிய பாத்தியைப் பிடித்துக்கொள்வதால் 1.2 ஜீபிக்கு மேல் இடம் போய்விடும். சிறிய கோப்புகள் நிறைய இருந்தால் அவற்றை முதலில் ஒரே ஸிப் கோப்பாகக் கட்டிவிட்டுப் போடுங்கள், இடமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

சரி, பெரிய கோப்பு என்றால்? அதற்குப் பல பாத்திகள் தேவை, ஆனால் அவை அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 17 ஆம் பாத்தியில் தொடங்கி 18, 19 போய், 20 இல் வேறு யாரோ இருந்தால் அங்கிருந்து 52க்குத் தாவலாம். பழைய ஃபாட் என்ற முறைமையின் கொப்பியில் இது அப்படியே எழுதப்பட்டிருக்கும். கோப்பின் பெயர், தொடங்குகிற பாத்தி, அளவு ஆகியவை ஒரு பக்கத்தில். எந்தப் பாத்திக்குப் பிறகு எந்தப் பாத்தி என்பது வேறொரு பட்டியலில். நீங்கள் கோப்பைத் திறந்தால் கணினி பெயரைத் தேடி, தொடக்கப் பாத்திக்குப் போய், பிறகு பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுக்கிக்கொண்டு வரும். சுழலும் தட்டுள்ள பழைய ஹாட் டிஸ்க்குகளில் இப்படிச் சிதறிக் கிடந்தால் வேகம் குறையும், அதனால்தான் டிஃப்ராக், அதாவது சிதறிய பாத்திகளை அடுத்தடுத்துச் சேர்க்கும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். எஸ்எஸ்டி என்கிற, சுழலும் பாகம் எதுவுமில்லாத புதிய வகையில் அந்த வேலை தேவையே இல்லை. யாராவது உங்கள் எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பயிர் வேறு, பயிரைப் பற்றிய எழுத்து வேறு. கோப்பு பாத்தியில் இருக்கிறது, பெயரும் முகவரியும் கொப்பியில் இருக்கின்றன. இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

சி, டி என்பது நடுவில் போட்ட வேலி

ஒரே காணியை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொள்ளும்போது நடுவில் கதியால் போட்டு வேலி அடைப்பார்கள். கணினியில் அந்த வேலி அடைப்புக்குப் பெயர் பார்ட்டிஷன். ஒரே ஹாட் டிஸ்க்கைப் பிரித்து ஒரு பகுதிக்கு சி என்றும் மற்றதுக்கு டி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கொப்பி, அந்தப் பக்கம் இன்னொரு கொப்பி. இரண்டு பக்கமும் வேறு வேறு முறைமைகூட வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. விண்டோஸ் குழம்பி மறுபடி நிறுவ வேண்டி வந்தால் சி பகுதியை மட்டும் கிளறினால் போதும், டி பகுதி தொடப்படாது. இதைப் பார்த்துத்தான் டி டிரைவ் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தது. ஆனால் மாரிமழைக்கு வெள்ளம் வந்தால் அது வேலி பார்த்து நிற்காது, காணி முழுவதும் மூழ்கும். ஹாட் டிஸ்க் இயங்காமல் போனால் சியும் டியும் ஒன்றாகவே போகும். ஒரே டிஸ்க்கின் டியில் வைத்த பிரதியை நான் பிரதியாகவே கணக்கெடுப்பதில்லை. வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில், அல்லது இணையச் சேமிப்பில் இருந்தால்தான் அது பிரதி.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். “நான் சி டிரைவில ஒண்டும் வைக்கேல்லை, எல்லாம் டெஸ்க்டொப்பிலதான்” என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டெஸ்க்டொப் என்பது தனி இடம் இல்லை. நீங்களாக மாற்றி வைக்காவிட்டால் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி பகுதிக்குள், உங்கள் பயனர் பெயரில் இருக்கும் கோப்புறைகள்தான். கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது “சியை ஃபோர்மட் பண்ணலாமா?” என்று கேட்டால், ஓம் என்று சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் எடுத்துவைத்தாயிற்றா என்று பாருங்கள்.

கோப்புறை பற்றி இரண்டு வரி

கோப்புறை என்கிற ஃபோல்டர் ஒரு பெட்டி மாதிரிப் படத்தில் தெரிவதால் அதற்குள் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று நினைக்கிறோம். உண்மையில் அது கொப்பியில் இருக்கும் ஒரு பெயர்ப்பட்டியல். ஒரே பகுதிக்குள் 10 ஜீபி வீடியோவை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் ஒரு நொடியில் முடிகிறதே, அது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? பாத்தியில் எதுவும் அசையவில்லை, ஒரு பட்டியலில் பெயரை வெட்டி மற்றதில் எழுதினார்கள், அவ்வளவுதான். அதே வீடியோவை டியில் இருந்து பென் டிரைவுக்கு நகர்த்தினால் பயிரையே பிடுங்கி வேறு தோட்டத்தில் நடவேண்டும், அதற்குத்தான் அவ்வளவு நேரம். இப்படித் தோட்டம் மாறும்போது வெட்டி ஒட்டாதீர்கள். முதலில் பிரதி எடுங்கள், திறந்து பாருங்கள், சரியாக ஓடினால் பிறகு பழையதை அழியுங்கள்.

அழித்தால் உண்மையில் என்ன நடக்கிறது?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்டோஸில் ஒரு கோப்பை அழித்தால் அது முதலில் ரீசைக்கிள் பின் என்ற குப்பைக்கூடைக்குப் போகும். அங்கே இருக்கும்வரை அது அழியவே இல்லை, இடம் மாறியிருக்கிறது. கூடையையும் வெறுமையாக்கிய பிறகுதான் உண்மையான அழிப்பு. பென் டிரைவில் அழிப்பவை பொதுவாக இந்தக் கூடைக்குப் போவதில்லை, நேராகவே அழிப்புத்தான், அதனால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

அந்த உண்மையான அழிப்பிலும் தோட்டக்காரர் பாத்திக்குள் இறங்குவதில்லை. கொப்பியில் அந்தப் பெயரை வெட்டிவிட்டு, 17, 18, 19, 52 ஆம் பாத்திகள் வெறுமை என்று குறித்துவிடுவார். வெங்காயம் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். அடுத்து வேறொரு கோப்புக்கு இடம் தேவைப்பட்டு, அந்தப் பாத்தியைக் கொத்திப் புதுப் பயிர் நடும்வரை பழையது அங்கேதான் இருக்கும். பழைய ஃபாட் முறைமையில் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு அடையாளக் குறி போடுவார்கள், வெட்டுவது என்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். 5 ஜீபி கோப்பை ஏற்ற பல நிமிடம் எடுத்து, அழிக்க ஒரு கணம் மட்டும் எடுப்பதற்கு வேறு காரணம் இல்லை.

இதனால்தான் அழித்த படங்களை மீட்கமுடிகிறது. போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் கொப்பியைப் பார்ப்பதே இல்லை, பாத்தி பாத்தியாக மண்ணைக் கிளறிப் பார்க்கின்றன. ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரியான பைட்டுகளோடுதான் தொடங்கும். அந்த அடையாளத்தைக் கண்டதும் ‘இங்கே ஒரு படம் இருக்கிறது’ என்று எடுத்துக்கொடுக்கும். இப்படி மீட்ட படங்களுக்குப் பழைய பெயர் இல்லாமல் வெறும் எண்கள் மட்டும் இருப்பது ஏன் என்று இப்போது விளங்கும். பெயர் கொப்பியில் இருந்தது, கொப்பியைத்தான் அது பார்க்கவில்லையே.

ஆகவே சாமத்திய வீட்டுப் படங்கள் இருந்த மெமரி கார்டைத் தவறுதலாக அழித்துவிட்டால் செய்யவேண்டிய முதல் வேலை, எதுவும் செய்யாமல் இருப்பது. அந்தக் கார்டைக் கமராவில் இருந்து கழற்றிவிடுங்கள். இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த ஒரு படம் எந்தப் பாத்தியில் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. மீட்கும் மென்பொருளையும் அதே டிஸ்க்கில் நிறுவக்கூடாது, மீட்ட கோப்புகளையும் அங்கேயே சேமிக்கக்கூடாது. வேறு டிஸ்க் வேண்டும்.

எஸ்எஸ்டியில் நிலைமை வேறு, இதைத் தெரியாமல் நம்பிக்கை வைத்து ஏமாறக்கூடாது. அங்கே ட்ரிம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. கோப்பு அழிந்ததும் ‘இந்தப் பாத்திகள் இனித் தேவையில்லை’ என்று கணினி எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது தனக்கு வசதியான நேரத்தில் அவற்றை உண்மையாகவே துடைத்துவிடும். மடிக்கணினிகளிலும் போன்களிலும் இப்போது இந்த வகைதான் இருக்கிறது. அங்கே அழித்ததை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு, பிரதி ஒன்றுதான் வழி.

ஃபோர்மட் என்ன செய்கிறது? ஃபோர்மட் என்பது பழைய கொப்பியை வீசிவிட்டுப் புதுக் கொப்பி திறந்து, எல்லாப் பாத்தியும் வெறுமை என்று எழுதுவது. நாம் வழக்கமாகச் செய்கிற ‘குயிக் ஃபோர்மட்’ அவ்வளவுதான் செய்யும், பயிர் அப்படியே இருக்கும். குயிக் என்ற பெட்டியில் உள்ள சரியை எடுத்துவிட்டுச் செய்தால், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது தோட்டம் முழுவதையும் பூச்சியங்களால் நிரப்பும், நேரம் நிறைய எடுக்கும், ஆனால் சாதாரண ஹாட் டிஸ்க்கில் பழையது உண்மையாகவே போய்விடும்.

பழைய கணினியையோ ஹாட் டிஸ்க்கையோ விற்கும்போது இதை மறக்கவேண்டாம். குடும்பப் படங்கள், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் ஸ்கான், வெளிநாட்டு விசாவுக்குக் கொடுத்த ஆவணங்கள் எல்லாம் அதில் இருந்திருக்கும். குயிக் ஃபோர்மட் செய்து கொடுத்தால் வாங்கியவர் ஒரு இலவச மென்பொருளை ஓட்டி அவற்றைப் பார்க்கலாம். முக்கியமாகப் பெண்பிள்ளைகள் பாவித்த கணினி என்றால், முழு ஃபோர்மட் செய்யாமல் கைமாற்றாதீர்கள்.

சுருக்கமாக, அழிப்பதும் குயிக் ஃபோர்மட்டும் கொப்பியில் மட்டும் கை வைக்கின்றன. அதனால் தவறுதலாக அழித்தவருக்கு நம்பிக்கை, இரகசியமாக அழித்ததாக நினைத்தவருக்கு ஆபத்து.

கரண்ட் போனால், பென்னைப் பிடுங்கினால்

கோப்பு ஒன்றைச் சேமிக்கும்போது இரண்டு வேலை நடக்கவேண்டும், பாத்தியில் நடுவது, கொப்பியில் எழுதுவது. இரண்டுக்கும் இடையில் கரண்ட் போனால்? நட்டது எழுதப்படாமல் இருக்கும், அல்லது எழுதியது நடப்படாமல் இருக்கும். கொப்பியும் தோட்டமும் ஒத்துப்போகாத இந்த நிலையைத்தான் ‘கரப்ட்’ ஆகிவிட்டது என்கிறோம்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஜேர்னலிங். வேலையைத் தொடங்குமுன் ‘இன்ன பாத்தியில் இன்னதை நடப்போகிறேன்’ என்று ஒரு துண்டில் எழுதிவைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அந்தத் துண்டை வெட்டிவிடுவது. நடுவில் கரண்ட் போய்த் திரும்ப வந்தால், வெட்டப்படாத துண்டைப் பார்த்து எது அரைகுறையில் நின்றது என்று கண்டுபிடித்துக் கொப்பியை ஒழுங்காக்கலாம். விண்டோஸ் கணினியில் இருக்கும் என்டிஎஃப்எஸ் முறைமையிலும், விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் பரவலான ஈஎக்ஸ்டி4 இலும் இது உண்டு. ஃபாட்32, எக்ஸ்ஃபாட் இரண்டிலும் இல்லை, பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டும்தான். உங்கள் ஹாட் டிஸ்க் பத்துத் தடவை கரண்ட் போயும் தாங்குகிறது, பென் டிரைவ் ஒரு தடவை பிடுங்கியதற்கே குழம்புகிறது என்றால் காரணம் இதுவே. ஒன்று சொல்லவேண்டும், ஜேர்னலிங் கொப்பியைக் காப்பாற்றும், நீங்கள் அரைவாசி தட்டச்சு செய்து சேமிக்காமல் விட்ட கடிதத்தை அது காப்பாற்றாது.

பென் டிரைவைப் பாதுகாப்பாக வெளியேற்று என்று கணினி சொல்வதிலும் பொருள் இருக்கிறது. வேகத்துக்காகக் கணினி சில வேளைகளில் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு, எழுதவேண்டியதைக் கையில் வைத்திருக்கும். 2018 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பில் இருந்து பென் டிரைவ்களுக்கு இந்தப் பழக்கத்தை இயல்பாக நிறுத்திவைத்திருக்கிறார்கள், அதனால் ‘சும்மா பிடுங்கலாம், ஒன்றும் ஆகாது’ என்பவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆப்பிளின் மாக், லினக்ஸ் கணினிகளில் அப்படி இல்லை, விண்டோஸிலும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் யாராலும் காப்பாற்றமுடியாது. இரண்டு சொடுக்குத்தானே, செய்துவிடுவோம்.

அப்படியானால் அக்காவின் பென் டிரைவுக்கு என்ன நடந்தது?

அது ஃபாட்32 முறைமையில் இருந்தது. ஃபாட் குடும்பம் 1977 இல் பிறந்தது, ஃபாட்32 என்ற வடிவம் 1996 இல் விண்டோஸ் 95 இன் ஒரு பதிப்போடு வந்தது. அந்தக் கொப்பியில் ஒரு கோப்பின் அளவை எழுத 32 கட்டங்கள் மட்டுமே விட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 எழுதலாம். அந்த 32 கட்டத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜீபிக்கு ஒரு பைட் குறைவு. தோட்டத்தில் எவ்வளவு பாத்தி வெறுமையாகக் கிடந்தாலும் சரி, 6 ஜீபி என்ற அளவை எழுத அந்தக் கொப்பியில் கட்டம் இல்லை. 4 ஜீபிக்குக் குறைந்த கோப்புகளை எத்தனையும் போடலாம், ஒரே கோப்பு அதைத் தாண்டக்கூடாது. கணினி சொன்னதும் இதைத்தான், ‘இந்தக் கோப்பு முறைமைக்கு இது பெரிது’ என்று. நாம்தான் ‘பெரிது’ என்ற சொல்லை மட்டும் வாசித்தோம்.

தீர்வு, பென் டிரைவில் இருப்பதை வேறெங்காவது எடுத்துவைத்துவிட்டு, அதை எக்ஸ்ஃபாட் முறைமைக்கு ஃபோர்மட் செய்வது. மைக்ரோசொஃப்ட் 2006 இல் கொண்டுவந்த இந்த முறைமை பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் என்றே ஆனது. அளவு எழுதும் கட்டம் மிகப் பெரியது, வீட்டு வீடியோ எதுவும் அந்த எல்லையைத் தொடாது. விண்டோஸிலும் மாக்கிலும் வாசிக்கலாம், எழுதலாம். 2019 இல் அதன் விவரக் குறிப்பை மைக்ரோசொஃப்ட் பகிரங்கமாக வெளியிட்ட பிறகு லினக்ஸிலும் சிக்கல் இல்லை. 32 ஜீபிக்கு மேற்பட்ட கமராக் கார்டுகள் எல்லாம் எக்ஸ்ஃபாட்டோடுதான் வருகின்றன.

என்டிஎஃப்எஸ் 1993 இலிருந்து இருக்கிறது, விண்டோஸ் கணினியின் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு அதுவே பொருத்தம். ஆனால் வெளிநாட்டுக்குக் கொடுத்துவிடும் வெளி ஹாட் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ஸில் கொடுத்தால், அங்கே மருமகனிடம் இருப்பது மாக் என்றால் அவரால் பார்க்கமுடியும், புதிதாக எதையும் எழுதித் திருப்பி அனுப்பமுடியாது. மாக் இயல்பாக அதை வாசிக்க மட்டும்தான் செய்யும். ஆப்பிளின் சொந்த முறைமை ஏபிஎஃப்எஸ், அது 2017 இல் மாக் கணினிகளுக்கு வந்தது. அந்த முறைமையில் உள்ள டிஸ்க்கை அவர் அனுப்பினால் உங்கள் விண்டோஸ் அதை விளங்காமல் ‘ஃபோர்மட் பண்ணட்டுமா?’ என்று கேட்கும். அப்போது ஓம் என்று அழுத்திவிடாதீர்கள்! டிஸ்க்கில் பழுது இல்லை, உங்கள் கணினிக்கு அந்தக் கொப்பியின் மொழி தெரியவில்லை, அவ்வளவே. இரு பக்கமும் போய்வருகிற டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபாட் என்று முடிவெடுத்துவிட்டால் தொல்லை இல்லை. பழைய ரீவி, வாகன ஒலிபெருக்கி, பழைய டிவிடி பிளேயர் போன்றவற்றுக்கு மட்டும் ஃபாட்32 வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் பலவற்றுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

வாங்கியது 1 ரீபி, காட்டுவது 931

பெட்டியில் 1 ரீபி (டெராபைட்) என்று இருக்கும் ஹாட் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜீபி என்று காட்டும். பெட்டியில் எழுதியிருப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. ஒரு இலட்சம் கோடி பைட்டை மூன்று தரம் 1024 ஆல் வகுத்தால் 931 தான் வரும். யாரும் களவெடுக்கவில்லை.

களவு வேறு இடத்தில் நடக்கிறது. நம்பமுடியாத மலிவு விலைக்கு 2 ரீபி பென் டிரைவ் என்று விற்கிறார்களே, அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது சில ஜீபிதான், ‘நான் 2 ரீபி’ என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். கோப்பு முறைமை அந்தச் சொல்லை நம்பிக் கொப்பியில் அத்தனை பாத்திகளைக் காட்டும். நீங்கள் போடும் கோப்புகளின் பெயர்களும் அளவுகளும் ஒழுங்காகத் தெரியும், திறந்தால்தான் எதுவும் இருக்காது. மண்ணே இல்லாத பாத்தியில் நட்ட கணக்கு அது. மலிவாக வாங்கியிருந்தால் முதலில் முழுவதையும் வீடியோக்களால் நிரப்பி, கடைசியாகப் போட்டதையும் நடுவில் போட்டதையும் ஓட்டிப் பாருங்கள்.

தமிழில் பெயர் வைக்கும்போது

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள், எந்தத் தடையும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் தெரிந்திருந்தால் நல்லது.

லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் இடம் தருகிறது. ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறியோ மூன்று பைட். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணினால் 11 குறிகள், ஆக 33 பைட். மொத்தமாக 85 தமிழ்க் குறிகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். என்டிஎஃப்எஸ் இதே எல்லையைப் பைட்டில் எண்ணாமல் 255 குறிகளாக எண்ணுவதால் அங்கே நீண்ட பெயர் வைத்தவருக்கு, லினக்ஸுக்குப் பிரதி எடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் போகமாட்டேன் என்று நிற்கும்.

மற்றது ஒகரம். ‘கொழும்பு’ என்று எழுதும்போது கொ என்பதன் குறியை, கணினிகள் எல்லா மொழி எழுத்துக்களுக்கும் பாவிக்கும் பொது முறையான யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒரே குறியாகவும், கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என்டிஎஃப்எஸ்ஸுக்கும் ஈஎக்ஸ்டி4க்கும் அவை வெவ்வேறு பெயர்கள், அதனால் ஒரே கோப்புறையில் ‘கொழும்பு’ என்று இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கமுடியும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். வேறு வேறு தட்டச்சு முறைகள் பாவிப்பவர்கள் ஒரே டிஸ்க்கைப் பகிரும் இடங்களில் இது நடக்கலாம். படங்கள் காணாமல்போய்விட்டன என்று பதறுமுன் கண்ணால் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள், இரட்டையாக இருந்தால் இரண்டையும் திறந்து ஒன்றாக்கிவிட்டு, அந்தப் பெயரை ஒரே விசைப்பலகையால் மறுபடி அடித்துவிடுங்கள். பாமினி எழுத்துருக் காலத்தில் பெயர் வைத்த பழைய கோப்புகளும் வீட்டில் இருக்கும். அவை இப்போது பொருளில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரிவது டிஸ்க் பழுதானதால் அல்ல, அன்றைக்கு உண்மையில் சேமித்ததே ஆங்கில எழுத்துக்களைத்தான். பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் கருவி ஒன்றில் அந்தப் பெயரை ஒட்டினால் தமிழ் திரும்பி வரும்.